டம்ளரும் மூக்குக்கண்ணாடியும்

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை சம்பளச் சீட்டில் அது எட்டிப் பார்க்கும். மற்ற நாட்களில் அந்த அலுவலகத்தில் அதற்கு வேலையில்லை. மூன்று வருடமாக அவர் டம்ளர். புதிதாகச் சேர்ந்தவர்கள் அதை ஏதோ குடும்பப் பெயர் என்று நினைத்துக்கொண்டு, "டம்ளர் சார், அந்தப் பழைய ஃபைல் எங்க இருக்கும்?" என்று வெகு மரியாதையாகக் கேட்பார்கள். அவரும் எடுத்துக் கொடுப்பார்.

அது விபத்துக் காப்பீட்டு அலுவலகம். மூன்றாவது மாடி முழுக்க விபத்துகள்தான். அலமாரி அலமாரியாக, நாடா கட்டி, எண் போட்டு. யார் எங்கே விழுந்தார், எந்த வண்டி யார் காலில் ஏறியது என்பதெல்லாம் ஆவணங்களைப் பார்த்துக்கொள்ளும் டம்ளருக்கு அத்துப்படி. படிவத்தில் பன்னிரண்டாவதாக ஒரு கட்டம் இருக்கும்: 'சம்பவ இடத்தில் முதலில் உதவியவர்.' பாதிப் படிவங்களில் அங்கே ஒரு கோடு கிழித்திருப்பார்கள். மீதியில் 'பொதுமக்கள்' என்று எழுதியிருக்கும். இருபத்தாறு வருட வேலையில் அந்தப் பொதுமக்கள் யார், என்னதான் செய்தார்கள் என்று டம்ளர் விசாரித்ததில்லை. கட்டம் காலியாக இல்லாமல் இருந்தால் சரி.

விபத்தைப் பற்றியே பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு முதலுதவி தெரியாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று மேலிடத்துக்குத் தோன்றி, வருடத்துக்கு ஒரு நாள் பயிற்சி வைத்தார்கள். நடத்த வந்தவர் ஓர் அம்மாள். எல்லோரும் டீச்சர் என்றார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர், நீலச் சீருடைச் சட்டை, தடித்த மூக்குக்கண்ணாடி, கண்டிப்பான குரல். மூச்சு ஊதிப் பழக, இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள ஒரு ரப்பர் பொம்மையையும் தூக்கிக்கொண்டு வருவார். பெரிய மனிதன் கணக்காக அதற்கு ஜிப் வைத்த சட்டை போட்டு, தலைக்கு அணை கொடுத்துப் படுக்க வைப்பார். அந்த உபசாரத்தைப் பார்த்து அலுவலகத்தில் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

டீச்சருக்கு ஒரு வழக்கம். வகுப்பை வணக்கம் சொல்லித் தொடங்க மாட்டார். பேசிக்கொண்டே வருவார், திடீரென்று தடாலென விழுவார். யார் வருகிறார்கள், எத்தனை நேரத்தில் வருகிறார்கள், வந்து என்னென்ன தப்புப் பண்ணுகிறார்கள் என்று கண்ணை மூடியபடியே கவனிப்பார். பிறகு எழுந்து உட்கார்ந்து ஒன்றொன்றாகப் பிய்த்து எடுப்பார். அதுதான் பாடம்.

முதல் வருடம் இது யாருக்கும் தெரியாது. டீச்சர் விழுந்ததும் நாற்பது பேரில் ஒரே ஒரு ஆள்தான் ஓடினார். ஓடின வேகத்தில் மேஜைமேல் இருந்த டம்ளரை எடுத்து, அவர் தலையைத் தூக்கி, வாயில் தண்ணீரை ஊற்றிவிட்டார். டீச்சருக்கு நிஜமாகவே புரையேறியது. கண்ணில் நீர் முட்ட எழுந்து உட்கார்ந்து, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"எல்லாரும் நல்லாப் பாத்துக்கோங்க. நான் சும்மா மயக்கம்தான் போட்டேன். இந்த சார் வந்து என்னைக் கொன்னுட்டார்."

நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, தலையைத் தூக்கக்கூடாது, தனியாக ஓடிவந்து மேலே விழக்கூடாது என்று பதினோரு குற்றங்களை வரிசையாக அடுக்கினார். சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆயிற்று. அன்று சாயங்காலமே பெயர் ஒட்டிக்கொண்டது. ஒட்டியவர் பக்கத்து மேஜைக்காரர். எதையும் நான்கு பேருக்குக் கேட்கிற மாதிரிதான் சொல்வார் என்பதால் அவர் பெயர் மைக். வருடா வருடம் பயிற்சி நாளில் டம்ளர் உட்காரும் நாற்காலியில் ஒரு எவர்சில்வர் டம்ளரை ரிப்பன் கட்டி வைப்பது மைக்கின் கைங்கரியம். பக்கத்தில் யாராவது கேட்டால் ஆதியோடந்தமாகக் கதையையும் சொல்வார்.

ஆனால் சும்மா சொல்லக்கூடாது, அந்த அவமானத்தால் டம்ளருக்கு ஒரு நன்மையும் நடந்தது. இன்னொரு முறை மாட்டக்கூடாது என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு டீச்சரைக் கவனிக்க ஆரம்பித்தார். இரண்டாம் வருடம் ஒரு விஷயம் பிடிபட்டது. விழுவதற்குக் கொஞ்சம் முன்னால் டீச்சர் கண்ணாடியைக் கழற்றி, மடித்து, உறையில் போட்டு, பையில் வைத்துவிடுகிறார். உடைந்தால் யார் வாங்கித் தருவது? மூன்றாம் வருடமும் அப்படியே. கண்ணாடி பைக்குள் போனதைப் பார்த்ததும் டம்ளர் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். இந்த ரகசியத்தை வேறு யாரிடமும் சொல்லவில்லை. வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னார். "இவ்வளவு துப்பறியற ஆளு, ஃபேனை அணைக்காம ஆபீஸ் போறீங்களே" என்று அவள் வேறு கணக்கைத் தீர்த்தாள்.

மூன்றாம் வருடம் யாருமே எழுந்திருக்கவில்லை. எல்லோருக்கும்தான் விஷயம் தெரியுமே. டீச்சர் நெடுநேரம் படுத்துப் பார்த்துவிட்டு, அலுத்துப்போய், தானே எழுந்துவிட்டார். கூட்டமாக இருந்தால் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அதனால் ஒருத்தரைக் குறிப்பாகக் கை காட்டி, சட்டை நிறத்தைச் சொல்லி வேலை கொடுக்க வேண்டும் என்று அன்று கற்றுக்கொடுத்தார். 'நீலச் சட்டை, நீங்க ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.' நீலச் சட்டை உடனே கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காதில் வைத்து, 'ஹலோ, ஆம்புலன்ஸா?' என்று சொல்ல வேண்டும். இதை முப்பது தடவை செய்தார்கள். மேலாளர்கூடச் செய்தார். அவர் விரலுக்கு ஆம்புலன்ஸ் உடனே வந்துவிட்டது.

நான்காம் வருடம் டீச்சர் தாமதமாக வந்தார். ஒன்பது மணி வகுப்பை மேலாளர் ஏதோ கூட்டத்துக்காக எட்டரைக்கு மாற்றியிருந்தார். போதாததற்குப் பஸ்ஸும் வழியில் நின்றுவிட்டதாம். மாப்பிள்ளையை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மூன்று மாடியும் ஏறி, மூச்சு வாங்க உள்ளே வந்தார். லிஃப்ட் பழுது என்று கீழே எழுதித் தொங்கவிட்டு நான்கு நாள் ஆகிறது. சரிசெய்ய யாரோ சொல்லியிருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

"விபத்துன்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை" என்று டீச்சர் தொடங்கினார். கொஞ்சம் நிறுத்தி, "விபத்துன்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை" என்றார் மறுபடியும். மேஜை விளிம்பைப் பிடித்தார். பிடித்த கை வழுக்கியது. மாப்பிள்ளையோடு சேர்ந்து அப்படியே சரிந்து தரையில் விழுந்தார்.

கூடம் முழுக்க ஒரு திருப்தியான முனகல். எதிர்பார்த்த நேரத்துக்கு எதிர்பார்த்த வண்டி வந்துவிட்ட மாதிரி. இந்த வருடம் நடிப்பு ஒரு படி ஏறியிருக்கிறது என்று பின்வரிசையில் ஒருவர் அபிப்பிராயம் சொன்னார். மைக் ஃபோனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார். மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறித்துக்கொண்டார். போன வருடம் நேரம் குறிக்காமல் விட்டது குறை என்று அறிக்கையில் வந்திருந்தது. காற்று வர வேண்டும், நெருங்காதீர்கள் என்று யாரோ பாடத்தை நினைவுபடுத்த, நாற்காலிகளைப் பின்னுக்குத் தள்ளி அழகான வட்டமாக உட்கார்ந்தார்கள். நாற்பது பேரும் படித்ததை மறக்கவில்லை.

டம்ளர் முன்வரிசையில், மடியில் ரிப்பன் கட்டிய டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். அவர் கண் முதலில் போனது டீச்சரின் முகத்துக்கு.

கண்ணாடி முகத்தில் இருந்தது. ஒரு பக்கம் தரையில் அழுந்தி, கம்பி வளைந்து, கன்னத்தைக் குத்திக்கொண்டிருந்தது.

டம்ளர் நாற்காலியில் முன்னுக்குச் சாய்ந்தார். நன்றாகப் பார்த்தார். டீச்சரின் சட்டைக் கழுத்து தெப்பமாக நனைந்திருந்தது. கை நடுங்கியது. இந்த வேர்வை அவருக்குப் புதிதில்லை. அவர் மனைவிக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை வியாதி. ஊசி போட்டுக்கொண்டு, சாப்பிட மறந்துவிட்டால், ரத்தத்தில் சர்க்கரை விறுவிறுவென்று இறங்கி அவளுக்கு வருகிற வேர்வை இதேதான்.

ஆக, அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கூடத்தில் அவர் ஒருவருக்குத்தான் தெரிந்தது. தெரிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

மைக் பக்கம் சாய்ந்து, ரகசியமாக, "கண்ணாடியக் கழட்டலப்பா" என்றார்.

"அதான் சார் இந்த வருஷ டெக்னிக்கு" என்றார் மைக், ஃபோனிலிருந்து கண்ணை எடுக்காமல். "உங்களப் பிடிக்கறதுக்குன்னே வச்ச கண்ணி. போய் விழுந்துடாதீங்க."

அதுவும் நியாயம்தான் என்று டம்ளருக்குத் தோன்றியது. தோன்ற வேண்டும் என்று அவரும் கொஞ்சம் ஆசைப்பட்டார். டீச்சர் கெட்டிக்காரி. கண்டுபிடித்திருக்கலாம். வேர்வையா, மூன்று மாடி ஏறினால் யாருக்கும்தான் வரும். அப்படியே நிஜமாக இருந்தாலும் மேலாளர் இருக்கிறார், கடிகாரமும் கையுமாக, அவருக்குத் தெரியாதா? மேலாளர் பதறவில்லை. மேலாளர் ஏன் பதறவில்லை என்றால், முன்வரிசையில் டம்ளரே பதறாமல் உட்கார்ந்திருந்தார்.

இருந்தாலும் மனம் கேட்காமல், எழுந்தும் எழுந்திராமலும் மேலாளரிடம் போய்க் குனிந்து, டீச்சருக்கு ஏதோ சரியில்லாத மாதிரி இருக்கிறது என்றார். மேலாளர் புன்னகையோடு அவர் கையைப் பார்த்தார்.

"அப்ப நீங்களே போய்ப் பாருங்களேன். சாமான்தான் ரெடியா இருக்கே."

சிரிப்பு வட்டமாக ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. டம்ளரும் சிரித்தார், சிரிக்காவிட்டால் இன்னும் சிரிப்பார்களே. திரும்பி வந்து உட்கார்ந்தார். காது இரண்டும் சுட்டன. மூன்று நிமிடம் ஆகிவிட்டது என்று மேலாளர் அறிவித்தார்.

அப்போது டீச்சர் அசைந்தார். நடிக்கும்போது அவர் இமைகூட அசையாது. இப்போது கை தரையில் துழாவி, பக்கத்தில் கிடந்த மாப்பிள்ளையைத் தொட்டு, அதன் சட்டை ஜிப்பைப் பிடித்தது. திறந்தது, மூடியது, திறந்தது. உள்ளே விரலை விட்டு எதையோ தேடியது. பொம்மையைத் தன் பை என்று நினைத்துக்கொண்டு தேடுகிறார்.

கூடம் அதிர்ந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தவர்கள் உண்டு. மாப்பிள்ளையிடம் சில்லறை கேட்கிறார் என்றார் மைக், எல்லோருக்கும் கேட்க.

டம்ளர் சிரிக்கவில்லை. அவருக்கு வேறொரு காலை நேரம் ஞாபகம் வந்தது. சமையலறையில் அவர் மனைவி முகம் பார்க்கும் கண்ணாடி முன் நின்று கரண்டியால் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவர் வாசற்படியில் நின்று விழுந்து விழுந்து சிரித்தார். "என்னம்மா, சீப்பு கிடைக்கலியா?" என்று கேட்டார். முழுசாக ஒரு நிமிடம் சிரித்திருப்பார். அப்புறம்தான் அவள் விழுந்தாள். நெற்றியில் நான்கு தையல். அந்தத் தழும்பைத் தலைமுடியால் மறைத்துக்கொள்வாள். அவர் சிரித்ததை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எழுந்தார். மூலையில் தேநீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் சர்க்கரைப் பொட்டலங்கள் இருந்தன. ஐந்தாறைப் பிரித்து டம்ளரில் கொட்டினார். வெந்நீர் கொஞ்சம், தண்ணீர் கொஞ்சம். பேனாவால் கலக்கினார். ரிப்பனை அவிழ்க்கத் தோன்றவில்லை. அவர் என்ன செய்கிறார் என்று புரிந்ததும் நாற்பது பேரும் கைதட்ட ஆரம்பித்தார்கள். டம்ளர், டம்ளர் என்று தாளம் போட்டார்கள். அந்தத் தாளத்துக்கு நடுவே நடந்து போவது, ஆடையில்லாமல் தெருவில் போவது போல இருந்தது அவருக்கு. போனார்.

மண்டியிட்டு, கண்ணாடியை மெல்ல எடுத்தார். "டீச்சர், நான் பேசறது கேக்குதா? விழுங்க முடியுமா உங்களால?"

அரைக்கண் திறந்தது. தலை லேசாக அசைந்தது. எச்சிலை விழுங்கிக் காட்டினார். டம்ளர் இந்த முறை ஊற்றவில்லை. தோளில் தாங்கி உட்கார வைத்து, உதட்டில் டம்ளரை வைத்து, அவராக உறிஞ்சும்வரை காத்திருந்தார். ஒரு வாய். இன்னொரு வாய். பிறகு தலையைத் திருப்பி, கையை நீட்டினார்.

"சிவப்புச் சட்டை. நீதான். படம் பிடிச்சது போதும், ஆம்புலன்ஸுக்குப் போடு."

மைக்குக்கு ஒரே பெருமை. தன்னைக் கை காட்டிவிட்டார் அல்லவா. ஃபோனைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்தார். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்துக் காதில் வைத்துக்கொண்டார்.

"ஹலோ, ஆம்புலன்ஸா?" என்றார், கணீரென்று.

முழு மதிப்பெண் என்றார் மேலாளர். நான்கு நிமிடம் பத்து விநாடி என்று குறித்துக்கொண்டார்.

டம்ளர் காத்திருக்கவில்லை. எட்டி, மைக்கின் சட்டைப் பையிலிருந்து ஃபோனை உருவி, ஒரு கையால் டீச்சரைத் தாங்கியபடி, தானே எண்ணை அழுத்தினார். முகவரி சொன்னார். மாடி சொன்னார். லிஃப்ட் வேலை செய்யாது என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் கைதட்டல் நின்றது. பயிற்சியில் யாரும் லிஃப்டைப் பற்றிச் சொல்வதில்லை.

ஆம்புலன்ஸ் வந்தது. அதற்குள் டீச்சருக்குக் கொஞ்சம் தெளிந்திருந்தது. தூக்குப் படுக்கையோடு யாராவது கூட வரவேண்டும் என்றார்கள் ஆம்புலன்ஸ்காரர்கள். நாற்பது பேரும் டம்ளரைப் பார்த்தார்கள். அதில் மட்டும் ஒரு விநாடிகூடத் தாமதமில்லை.

மருத்துவமனையில் மதியம் வரை உட்கார்ந்திருந்தார். சர்க்கரைக்கான ஊசியைப் போட்டுக்கொண்டு, காலைச் சாப்பாட்டை வகுப்புக்கு முன்னால் சாப்பிடலாம் என்று நினைத்ததாகவும், வகுப்பையே அரை மணி முன்னதாக வைத்துவிட்டார்கள் என்றும் டீச்சர் மருத்துவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும், அதற்கப்புறம் தன்னாலும் எதுவும் சொல்ல முடியாது என்றார் மருத்துவர், வானிலை சொல்கிற மாதிரி. அவர் போன பிறகு டீச்சர் வளைந்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு டம்ளரைப் பார்த்தார்.

"நிஜம்னு எப்படி சார் கண்டுபிடிச்சீங்க?"

அவர் கண்ணாடி விஷயத்தைச் சொன்னார். மூன்று வருடமாகக் கவனித்து வந்ததையும், மாப்பிள்ளையின் ஜிப்பில் அவர் துழாவியதையும் சொன்னார். டீச்சர் வியந்துபோனார்.

"அப்ப எப்பத் தெரிஞ்சது? நான் ஜிப்பப் பிடிச்சு இழுத்தப்பவா?"

பொய் சொல்லியிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. "விழுந்த உடனேயே தெரியும், டீச்சர்" என்றார்.

"உங்க மேனேஜர் குடுத்தனுப்பின சீட்டுல நாலு நிமிஷம்னு எழுதியிருக்கே."

"ஆமா. சிரிப்பாங்கன்னு உக்காந்திருந்தேன்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி, வளைந்த கம்பியை நிமிர்த்திப் பார்த்தார். பிறகு, "பதினோரு தப்புன்னு சொன்னேன் இல்ல அன்னிக்கு?" என்று கேட்டார். ஆமாம் என்றார் அவர். "எனக்கு இப்ப யோசிச்சா ஏழுதான் வருது" என்றார் டீச்சர். "மீதி நாலு, கூட்டம் சிரிச்சுதேன்னு சேத்தது."

மறுநாள் டம்ளர் வேலைக்கு வந்தபோது எல்லோருடைய மேஜையிலும் ஒரு சான்றிதழ் இருந்தது. டீச்சர் போன பிறகு வகுப்பை வீணாக்காமல் காணொளி போட்டு முடித்துவிட்டார்களாம். மைக் எடுத்த படத்தையும் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். தனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்தது என்று ஒன்பது பேர் சொன்னார்களாம். டம்ளரின் மேஜையில் சான்றிதழ் இல்லை, கடிதம் இருந்தது. பயிற்சி நேரத்தில் கூடத்தில் இல்லாத காரணத்தால் அவர் வரவில்லை என்று பதிவாகியிருக்கிறது; அடுத்த மாதம் வேறு கிளையில் புதியவர்களுக்கு நடக்கும் வகுப்பில் கலந்துகொள்ள வேண்டியது.

கூடவே கோப்பில் சேர்க்கச் சொல்லி, சம்பவ அறிக்கை ஒன்றும் வந்திருந்தது. மேலாளர் கையெழுத்து. டம்ளர் நேராகப் பன்னிரண்டாவது கட்டத்தைப் பார்த்தார். 'பணியாளர்கள் அனைவரும்' என்று இருந்தது. நாடா கட்டி, எண் போட்டு, அலமாரியில் வைத்தார். கட்டம் காலியாக இல்லை.

மனைவியிடம் கடிதத்தைக் காட்டினார். அவள் இரண்டு முறை படித்தாள். "போயிட்டு வாங்க. உங்களுக்கு இன்னும் சரியா வரலையோ என்னமோ" என்றாள். அப்புறம், உட்கார்ந்திருந்தவரைக் கடைசியில் எது எழுப்பியது என்று துருவித் துருவி, அவர் மறைத்திருந்த கரண்டிக் கதையை அன்று கேட்டு வாங்கினாள். கேட்டுவிட்டு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர் சட்டைப் பையில் நான்கு சர்க்கரைப் பொட்டலம் இருந்தது.

அடுத்த மாதம் அந்தக் கிளைக்குப் போனார். முப்பது புது முகங்கள். யாருக்கும் அவரைத் தெரியாது. வருகைப் பதிவில் தன் சொந்தப் பெயரை எழுதும்போது அவருக்கே யாரோ மாதிரி இருந்தது. முன்வரிசையில் உட்கார்ந்தார். மேஜைமேல் ஒரு தண்ணீர்க் குடுவையும் ஒரு டம்ளரும் இருந்தன.

டீச்சர் வந்தார். புதுக் கண்ணாடி. டம்ளரைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மாப்பிள்ளையைக் கிடத்தினார். "விபத்துன்னா என்னன்னு" என்று தொடங்கினார். பையைத் தொடவில்லை. உறையை எடுக்கவில்லை. கண்ணாடியோடு தடாலென்று விழுந்தார்.

முப்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு, வயதில் மூத்தவர் என்று, டம்ளரைப் பார்த்தார்கள்.

சட்டைக் கழுத்து காய்ந்துதான் இருக்கிறது என்று அவர் பார்த்தார். கை நடுங்கவில்லை என்றும் பார்த்தார். நடிப்பாகத்தான் இருக்கும், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நடிப்புதான். எழுந்தார். டம்ளரில் தண்ணீர் ஊற்றி, சட்டைப் பையிலிருந்த பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினார். பேனாவால் கலக்கினார். பின்னால் யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். இன்னொருவர் சேர்ந்துகொண்டார். காது சுட்டது. நடந்து போய் மண்டியிட்டார்.

டீச்சர் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது, அவருக்கு மட்டும் கேட்கும்படி.

"இருபது விநாடி. டம்ளரைக் கீழ வைங்க சார்."

அவர் கீழே வைக்கவில்லை. "முதல்ல விழுங்கிக் காட்டுங்க" என்றார்.